மலர்விழி பேருக்கு நேராக

எழுத்துக்கும் அந்தோணிராஜுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டின் மேல் இருபத்திரண்டு வருசமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வோல்டேஜ் குறைந்து கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் எழுதுவதெல்லாம் அந்த மோட்டாரில் கட்டிவிடும் அட்டையில் ஆளின் பேர், ஊர், போன் நம்பர். அதிலேயும் தப்பு இருக்கும். சாயங்காலம் கடைக்கு வரும்போது மலர்விழி அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "சித்தையன்கோட்டைய சித்தயங்கோட்டனு எழுதிருக்கீங்க. அந்த ஊர்க்காரன் பாத்தா மோட்டார அவுத்துட்டுப் போயிருவான்."

மலர்விழி அவர் மனைவி. தாடிக்கொம்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நாற்பத்தெட்டு வயது. சின்ன வயசிலிருந்தே கதை எழுத வேண்டுமென்று ஆசை. வீட்டில் அவள் ஆரம்பித்த நோட்டுகள் ஏழெட்டு கிடந்தன. எல்லாம் நாலாம் பக்கத்தோடு நின்றவை. "தனியா உக்காந்தா ஓட மாட்டேங்குது. யாராச்சும் கூட உக்காந்தா எழுதிருவேன்" என்பாள். அந்தோணிராஜ் ஒருதரம் கூட உட்கார்ந்து பார்த்தார். பத்து நிமிசத்தில் தூங்கிப்போனார்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த வாட்சப் குழு கிடைத்தது. 'அரைமணி' என்று பேர். ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் மோகன்குமார் என்பவர் நடத்தினார். தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த இருபத்தோரு பேர் அதில் இருந்தார்கள். காலையில் ஐந்தரைக்கு மோகன்குமார் "தொடங்கலாமுங்க" என்று ஒரு வார்த்தை போடுவார். ஆறு மணிக்கு "நிறுத்தலாமுங்க". அந்த அரைமணி நேரமும் எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதியதைக் காட்ட வேண்டியதில்லை. எத்தனை சொல் என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும். மோகன்குமார் பேர்களை வரிசையாக அடித்து, ஒவ்வொரு பேருக்கு நேராகவும் அன்றைய எண்ணைப் போடுவார். நூறு நாள் சவால். சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் பேர் எடுக்கப்படும். காரணம் சொன்னால் பத்து நாள் பொறுப்பார்கள்.

மலர்விழி நாற்பத்தோரு நாள் விடாமல் எழுதினாள். வெளியே கோலப்பொடி டப்பாவை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து போனில் தட்டுவாள். ஆறு மணிக்கு எழுந்து வந்து, பல் துலக்கிக்கொண்டிருக்கும் புருசனிடம் "முன்னூத்தி எழுபது" என்பாள். யாரோ பரிசு கொடுத்த மாதிரி முகம் இருக்கும்.

நாற்பத்திரண்டாம் நாள் காய்ச்சல். "காய்ச்சல், ரெண்டு நாள்ல வந்துர்றேன்" என்று குழுவில் போட்டாள். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் விடியக்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தட்டணு என்றால் என்னவென்று அந்தோணிராஜுக்கு அந்த ஐந்து நாளில்தான் தெரியும்.

அடக்கம் முடிந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனா ஐந்து நாள் இருந்துவிட்டு, "அப்பா, என்கூட வந்துருங்க" என்று அழுதுவிட்டு, அவர் வரமாட்டேன் என்றதும் கிளம்பினாள். மறுநாள் காலை அலமாரிக்குள்ளிருந்து மலர்விழியின் போன் அலாரம் அடித்தது. ஐந்து இருபத்தைந்து. அந்தோணிராஜ் அதை நிறுத்தப் போனார். திரையில் மோகன்குமாரின் செய்தி நின்றது.

"மலர்விழி மேடம், உடம்பு தேவலாமுங்களா? இன்னைக்குப் பத்தாவது நாள். பேரை எடுக்க மனசு வரலீங்க. பத்துச் சொல் எழுதினாலும் போதும், ஒரு எண் போட்டுருங்க."

விசயத்தைச் சொல்லிவிடலாமென்றுதான் போனைத் திறந்தார். 'மலர்விழி இறந்து' வரைக்கும் அடித்தார். அதற்குமேல் விரல் ஓடவில்லை. ஐந்து நாளாக வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், நல்லா இருந்துச்சே, தங்கமான பொம்பளையா இருந்துச்சே என்று பேசிப்பேசி அவளைத் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டே போயிருந்தார்கள். இங்கே ஒருத்தர் அவளிடமே பேசுகிறார். உடம்பு தேவலாமா என்று கேட்கிறார்.

ஆறு மணி ஆனது. எண்கள் வந்து விழ ஆரம்பித்தன. 412. 290. 355. அந்தோணிராஜ் அடித்ததை அழித்துவிட்டு, 120 என்று போட்டார்.

சடசடவென்று பதில்கள் வந்தன. வந்துட்டீங்களா. மெதுவா எழுதுங்க. நீங்க இல்லாம வரிசையே நல்லாயில்ல. அவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தார்.

பொய் சொன்னது நாள் பூராவும் உறுத்தியது. கடையில் கம்பி சுற்றும்போது சுற்றுக் கணக்கு தப்பி, மறுபடியும் முதலிலிருந்து சுற்றினார். எண்ணை மெய்யாக்கிவிட்டால் உறுத்தாதென்று தோன்றியது. மறுநாள் ஐந்தரைக்கு, மோட்டாரில் கட்டும் அட்டைகளில் பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மிளகாய்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடிக் கிடைக்காமல் முந்தினநாள் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்காமலே சாப்பிட்டதை எழுதினார். பேனாவால் ஒவ்வொரு சொல்லின் மேலும் புள்ளி வைத்து எண்ணினார். முப்பத்திநாலு. அதைத்தான் போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் எழுதினார். மலர்விழி பஸ்ஸுக்கு ஓடும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதை எழுதினார். கல்யாணமான புதிதில் ஆறு மாசம் பேசாமல் இருந்ததையும், எதற்காகச் சண்டை என்பது இருவருக்கும் மறந்துபோனதையும் எழுதினார். ஆஸ்பத்திரியின் ஐந்து நாளை மட்டும் எழுத முடியவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். மோகன்குமார் "தொடங்கலாமுங்க" என்று போட்டதும் குழுவில் சத்தம் அடங்கிவிடும். அரைமணி நேரம் போன் கம்மென்று கிடக்கும். அந்த அமைதிக்குள் எங்கெங்கோ இருபது பேர் குனிந்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. சர்ச்சில் பூசை நேரத்தில் கண்ணை மூடினாலும் பக்கத்தில் ஆள் இருப்பது தெரியுமே, அப்படி. அதனால்தான் பேனா நகர்ந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு கீர்த்தனா வந்திருந்தாள். "அம்மா போனுக்கு ரீசார்ஜ் பண்ணிருக்கீங்களேப்பா, எதுக்கு?" என்று கேட்டாள். "போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு" என்றார். அன்று காலையிலும் மலர்விழி பேருக்கு நேராக இருநூற்றுப் பன்னிரண்டு விழுந்திருந்தது.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் குழுவில் அனிஷா என்று ஒரு பெண் இருந்தாள்.

அனிஷாவுக்கு வடமதுரை. இருபத்தாறு வயது. கூட்டுக் குடும்பம். வீட்டில் எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் கிடைக்கும் அந்த அரைமணியில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிறவள். மலர்விழியை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் தனிச்செய்தியில் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருந்தாள். மலர்விழி அவளைப் 'பாப்பா' என்பாள். மலர்விழி எழுதிய நாற்பத்தோரு நாள் பக்கங்களையும் படித்த ஒரே ஆள் அவள்தான். வீட்டில் யார் கண்ணிலாவது படுமென்று, படித்ததும் தன் போனில் அழித்துவிடுவாள். 120 விழுந்த அன்றைக்கே அனிஷாவின் செய்தி வந்தது: "அக்கா, பயந்தே போயிட்டேன்."

அந்தோணிராஜ் பதில் போட்டிருக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும். மலர்விழியின் பழைய பதில்களைப் படித்துப் பார்த்து, அவள் மாதிரியே, "இருக்கேன் பாப்பா" என்று போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அனிஷா நீளமாக எழுதியிருந்தாள். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டதாம். இரண்டாவது தடவை. வீட்டில், அடுத்தது தங்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்களாம். "அழுதா, இதுக்கெல்லாமா அழுவாங்கனு கேக்குறாங்க. நான் பேரு கூட வச்சிருந்தேன்க்கா. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று எழுதி, அந்தப் பேரையும் எழுதியிருந்தாள்.

அந்தோணிராஜ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ச் செத்த நேரம் நின்றார். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது. அவர் படித்துவிட்டார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே வந்தார். ஆனால் இந்த நேரத்தில், உன் அக்காவும் செத்துப்போனாள் என்று எப்படிச் சொல்வது? மலர்விழி இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தார். "அந்தப் பேர எழுது பாப்பா. யாருக்கும் காட்ட வேணாம். அழுதுகிட்டே எழுது" என்று அடித்தார்.

மறுநாள் அனிஷா பேருக்கு நேராக அறுநூற்று நாற்பது விழுந்தது. அதுவரை அவள் நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. குழுவே கைதட்டியது. அந்தோணிராஜுக்கு மலர்விழி போனதிலிருந்து அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

அடுத்தடுத்த நாட்களில் அனிஷா இன்னும் நெருங்கி வந்தாள். ஒருநாள் போனிலேயே கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று செய்தி போட்டார். "வர்ற வியாழக்கிழமை திண்டுக்கல்லுக்கு டாக்டர்ட்ட வாரேன். பத்து நிமிசம் உங்களப் பாக்கணும்க்கா" என்றாள். வியாழக்கிழமை வெளியூர் போகிறேன் என்று போட்டார். சரிக்கா என்று மட்டும் பதில் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார்.

அந்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, சித்தையன்கோட்டை மலைச்சாமி கடையில் உட்கார்ந்து தன் மோட்டாருக்கு வார்னிஷ் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுப் பை. அவள் அந்தோணிராஜைப் பார்க்கவில்லை. அவர் தலைக்குமேல் சுவரில் மாட்டியிருந்த படத்தைத்தான் பார்த்தாள். படத்தில் மலர்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தன மாலை போட்டிருந்தது. கீழே தேதி.

"வாங்கம்மா, என்ன வேணும்?" என்றார் அந்தோணிராஜ்.

"நான் அனிஷா" என்றாள். "அக்கா வேலை பாக்குற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஊருக்குப் போனா அங்க சொல்லிட்டுத்தானே போயிருப்பாங்க, எப்ப வருவாங்கனு கேக்கலாம்னு. அங்க சமைக்கிற செபஸ்தியம்மாள்தான் இந்தக் கடையச் சொன்னாங்க."

அந்தோணிராஜ் எழுந்து நின்றார். கையில் கம்பி அப்படியே இருந்தது.

"முப்பத்தெட்டு நாளாச்சாமே" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப நான் யார்ட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

மலைச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அங்கே இருக்கக் கூடாதென்று தெரிந்து, "டீ குடிச்சிட்டு வாரேன் அப்பு" என்று எழுந்து போனார்.

"என்ட்டத்தாம்மா" என்றார் அந்தோணிராஜ்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பக்கத்தில் கிடந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வாங்கவில்லை.

"நான் எழுதுனதெல்லாம் நீங்களா படிச்சீங்க?"

"படிச்சேன்."

"அந்தப் பேரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லணும்னு தினமும் நினைச்சேன்மா. சொன்னா அவ பேர எடுத்துருவாங்க. அந்த ஒரு எடத்துலதான் அவள இருக்கற ஆளாப் பேசுனாங்க. அதுக்காகத்தான். உன் விசயத்துல நுழையணும்னு நான் நினைக்கல."

"உங்க வீட்டுக்காரம்மா உங்களுக்கு வேணும். சரி. எனக்கு?" என்றாள். "எனக்குனு இருந்தது அவங்க ஒருத்தவங்கதான். அவங்க செத்ததுக்கு நான் அழணுமா இல்லையா? முப்பத்தெட்டு நாளா அழ விடாம வச்சிருந்தீங்க. அதே நாள்ல நான் சிரிச்சிருக்கேன். அக்கா பாராட்டிட்டாங்கனு சிரிச்சிருக்கேன்."

தன்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துக்கத்தில் பங்கு இருக்குமென்று அந்தோணிராஜ் நினைத்ததே இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "யாரோ ஒரு ஆம்பளைக்கு நான் இதெல்லாம் எழுதுனேன்னு எங்க வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அழிச்சிர்றேன்மா. இப்பவே."

"அழிங்க" என்றாள். அவர் போனை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க, எல்லாவற்றையும் அழித்தார். அதில் மலர்விழி அவளுக்கு எழுதியதும் சேர்ந்து போனது. இருவருமே அதைக் கவனித்தார்கள். படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனிஷா பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அன்று சாயங்காலமே குழுவை விட்டு வெளியேறினாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அந்தோணிராஜ் எண்ணைப் போடவில்லை. நடந்ததை எழுதினார். அனிஷாவின் விசயத்தை மட்டும் விட்டுவிட்டு, மலர்விழி இறந்த தேதி, தான் போட்ட எண்கள், எல்லாவற்றையும். அப்புறம் சிலர் அனுதாபம் சொன்னார்கள். ஒருத்தர், இத்தனை நாள் எங்களை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று எழுதினார். அதுவும் நியாயம்தான் என்று பட்டது.

மோகன்குமார் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா பேர எடுத்திருப்பீங்கல்ல?"

"எடுத்திருப்பனுங்க. இப்பவும் எடுக்கோணுமுங்க" என்றார்.

"எடுங்க சார்."

மறுநாள் வரிசையில் மலர்விழி இல்லை. அவள் பேர் இருந்த இடத்துக்குக் கீழ்ப் பேர் ஏறி வந்திருந்தது.

போனில் மலர்விழியின் நாற்பத்தோரு நாள் எழுத்து தனியாகச் சேமித்துக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்து அதை அச்செடுத்தார். எண்பது பக்கம் வந்தது. அது அனிஷாவிடம்தான் இருக்க வேண்டுமென்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையில் வைத்துக்கொண்டு வடமதுரை பஸ் ஏறினார். இறங்கி நின்ற பிறகுதான் அவள் இருப்பது எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒன்றுமே தெரியாதென்று உறைத்தது. கடைகளில் விசாரிக்கலாம். சின்ன ஊர், யாராவது சொல்வார்கள். யாரு நீங்க, அந்தப் புள்ளைக்கு என்ன வேணும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவள் வீட்டு வாசல் வரைக்கும் போகும். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். தன் நம்பரிலிருந்து, மன்னிச்சிரும்மா என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பலாமா என்று போனை எடுத்தார். அதுவும் அவள் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடுமென்று பைக்குள் வைத்துவிட்டார்.

வீட்டில் ஐந்தரைக்கு எழுந்து தனியாக எழுதப் பார்த்தார். ஆஸ்பத்திரி நாட்களை எழுதிவிட வேண்டுமென்று இருந்தது. அட்டையை எடுப்பார், தேதி போடுவார், ஆறு மணி ஆகிவிடும். பதினைந்து நாள் இப்படியே போனது. கடைசியில் வெட்கத்தை விட்டு மோகன்குமாருக்குப் போன் போட்டார்.

"தனியா உக்காந்தா வரமாட்டேங்குது சார். என்னை என் பேர்ல சேத்துக்குவீங்களா?"

நூறு நாள் சவால் அந்த வாரத்தோடு முடிந்திருந்தது. மோகன்குமார் மற்றவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று எழுதியவர்கூட ஒத்துக்கொண்டாராம். புதிய வரிசையில் கடைசிப் பேராக அந்தோணிராஜ் விழுந்தார். முதல் நாள் பதினேழு சொல் எழுதினார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது வரைக்கும்தான் வந்திருந்தது. பதினேழு என்று போட்டார். அடுத்த எண் வந்து விழுந்தது.

ஒரு மாசம் கழித்து வேறு எதற்கோ பேசும்போது மோகன்குமார் அனிஷாவின் பேச்சை எடுத்தார். புது வரிசைக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டுப் பார்த்தாராம்.

"வருமாங்க?" என்று கேட்டார் அந்தோணிராஜ்.

"இல்லீங்க. எழுதறத நிறுத்திட்டேன்னு சொல்லுச்சுங்க."

"உடம்பு நல்லா இருக்காமா?"

"நல்லாத்தானுங்க பேசுச்சு. வேற ஒண்ணும் சொல்லல."

அந்தோணிராஜ் போனை வைத்தார். கடையில் மூன்று மோட்டார் பிரித்துக் கிடந்தது. எதையும் தொடத் தோன்றவில்லை. அறுநூற்று நாற்பது சொல் எழுதிய கை அவளுடையது.

மறுநாள் ஐந்தரைக்கு உட்கார்ந்தார். அரைமணியும் ஒரு சொல்கூட வரவில்லை. எழுந்து போய்விடவும் இல்லை. ஆறு மணிக்குத் தன் பேருக்கு நேராகப் பூஜ்யம் என்று போட்டுவிட்டு, குளித்துக் கடையைத் திறக்கப் போனார்.